ரேஜானுக்குக் கேட்காதது

அந்த உடுப்புகளை எறிந்துவிடும்படி வீட்டுக்கு வந்த எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நிரஞ்சனி கேட்கவில்லை. கணவனைப் பார்வைக்கு வைக்கும் நாளின் காலையில், குளியல் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்து, ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரிக் பையில் கட்டிக் கொடுத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். பச்சைக் கம்பளிச் சட்டையின் முன்பக்கத்தை அம்புலன்ஸ்காரர் கத்தரியால் நீளத்துக்கு வெட்டியிருந்தார்கள். இனி எவரும் போட முடியாத சட்டை. ஆனாலும் கொலருக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். காலுறைகளிலிருந்து கறுப்பு மண் கரைந்து தொட்டியின் வெள்ளையில் ஓடிற்று.

கூடத்தில் சிவராசா தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். அவள் கணவன் இரவிச்சந்திரனின் தமையன், செய்தி கேட்டவுடன் டொராண்டோவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தவர். வந்த நேரம் முதல் எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடித் திரிகிறார்.

"ஓம், ஓம். ஹார்ட் அட்டாக்தான். இல்லை, வீட்டில இல்லை. காலமை நடக்கப் போன இடத்தில... ஓம், நடக்கப் போன இடத்தில."

அழைத்தவர்கள் எல்லோருக்கும் இதையே சொன்னார். முதல் நாளே நிரஞ்சனியிடம் காரணத்தையும் சொல்லிவிட்டார். "கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற மனுசன், வெள்ளைக்காரனோட வான்கோழி சுடப் போய்ச் செத்தவன் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது பிள்ளை? அந்த ஆள் கூட்டிக்கொண்டு போகாட்டி என்ர தம்பி இண்டைக்கு உயிரோட இருப்பான்."

அவளுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. சனிக்கிழமை தொலைபேசி வந்தபோது துவக்குத்தான் வெடித்துவிட்டதென்று முதலில் நினைத்தாள். இதயம் நின்றதென்று டொக்டர் சொன்னபிறகும், காட்டுக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தால் தான் பக்கத்தில் இருந்திருப்பேனே என்ற நினைப்பு விடவில்லை.

துவக்கென்றாலே அவளுக்கு ஆகாது. துவக்குச் சத்தத்திலிருந்து ஓடித்தான் இருவரும் இந்த நாட்டுக்கு வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் பனி கரைந்து மே மாதம் பிறந்ததும், இரவிச்சந்திரன் றப்பர் சப்பாத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு ரேஜான் என்ற அந்த வெள்ளைக்காரரின் வண்டிக்காகக் காத்திருப்பார். கனடாவின் பிரெஞ்சு பேசும் பகுதியிலுள்ள லொங்கேயில் இரும்புக் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவரும் ஒன்றாக வேலை செய்தவர்கள். ரேஜான் தகடு அழுத்தும் அச்சு யந்திரத்தில், இரவி பொதி கட்டுமிடத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தகரம் மேலிருந்து விழுந்த சத்தத்துக்கு இரவி மேசைக்குக் கீழே பாய்ந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். ரேஜான் மட்டும் வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்து, "என்ன தேடுறம்?" என்று கேட்டாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி இரவி சிரித்தது நிரஞ்சனிக்கு நினைவிருந்தது. கனடாவுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் கண்டது அன்றுதான்.

"நான் துவக்குத் தொடுறேல்லை. சும்மா கூட இருக்கப் போறன்." ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வார். சும்மா கூட இருக்க யாராவது விடியப்புறம் எழும்பிக் காட்டுக்குப் போவார்களா? அவள் நம்பவில்லை. ஆனாலும் பாணும் சம்பலும் கட்டிக் கொடுப்பாள். ரேஜானுக்கென்று உறைப்புக் குறைத்து ஒரு பொதி, இவருக்கு வேறு. போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தாள்.

"அம்மா." தனோஜன் குளியலறை வாசலில் வந்து நின்றான். ஒரே மகன். கொள்ளி வைக்கப் போகிறவன். வேட்டியை இடுப்பில் நிற்க வைக்கத் தெரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "ரேஜான் மெசேஜ் போட்டிருக்கிறார். ஃபியூனரலுக்கு வரலாமோ எண்டு கேக்கிறார்."

"பெரியப்பா என்ன சொன்னவர்?"

"வேண்டாமாம். வந்தா சனம் கேக்குமாம். நான் இன்னும் பதில் போடேல்லை." அவன் தலை குனிந்தான். "அவர் எங்கட வீட்டுக்கு முன்னாலதான் நிக்கிறார் அம்மா. கனநேரமா."

நிரஞ்சனி எழுந்து சின்ன யன்னலால் எட்டிப் பார்த்தாள். தெருவின் அந்தப் பக்கத்தில், புதுத் துளிர் விட்ட மேப்பிள் மரத்துக்குக் கீழே அந்தச் சாம்பல்நிற வண்டி நின்றது. உள்ளே ரேஜான் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஓட்டாமல் இருந்தார்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். சிவராசா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, "எங்க பிள்ளை?" என்றார். அவள் நிற்கவில்லை. வெளிப்புற இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கித் தெருவைக் கடந்து, வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ரேஜான் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் சவரம் செய்த இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. எழுபதை எட்டப்போகிற, நெடுத்த, பெரிய கையுள்ள மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒடுங்கினார்.

"உங்களுக்குக் கரைச்சல் தர வரேல்லை, மடாம்," என்றார். "உள்ள வரமாட்டன். உங்களுக்குப் பின்னால வந்து, பெட்டி போறதை மட்டும் தூரத்தில நிண்டு பாத்திட்டுப் போறன்."

பிரெஞ்சில்தான் சொன்னார். சபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில் உழைத்த காலத்தில் அவள் பழகிய பிரெஞ்சு. அவர் சொன்னது அவளுக்குள் தமிழாகவே விழுந்தது.

"என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லுங்கோ," என்றாள். "எல்லாரும் எனக்குச் சொல்லுகினம். ஆனா அங்க இருந்தது நீங்கள்தானே."

அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். தன் பிரெஞ்சில் பிழை பிடிக்கிறார் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

"முதல்ல ஒண்டு சொல்லவேணும். இரவி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான்." அவர் தன் காதைத் தொட்டார். "இது ரெண்டும் போய்க் கனகாலம். அந்த மிசின்ர சத்தம் திண்டுட்டுது. என்ர பிள்ளையளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் காட்டுக்கு விடமாட்டினம். ஆக்களின்ர வாயைப் பாத்துச் சமாளிச்சுப்போடுவன். ஆனா வான்கோழியின்ர வாயைப் பாக்கேலாது."

வான்கோழி வேட்டை முழுக்கக் காதில்தான் இருக்கிறதென்று அவர் சொன்னார். விடியும்போது சேவல் மரக் கொப்பில் இருந்து கொளகொளவென்று கூப்பிடும். அது எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று கேட்டால்தான் எங்கே போய் உட்காருவதென்று தெரியும். அது கேட்காமல் போனதும் அவர் வேட்டையை விட்டுவிட நினைத்தார். அப்போதுதான் இரவியிடம் கேட்டார். இரவிக்கு எல்லாம் கேட்கும். தொழிற்சாலைக்கு மேலால் விமானம் வருகிறதென்று மற்ற எவருக்கும் தெரியமுன்னமே அவர் முகட்டைப் பார்ப்பார்.

"பேந்து என்ர காது அவர்தான். ஒவ்வொரு வருசமும். மரத்தில சாஞ்சுகொண்டு பக்கத்தில பக்கத்தில இருப்பம். சேவல் கூப்பிட்டா என்ர சட்டைக்கையைப் பிடிச்சு இழுத்து, விரலால காட்டுவார். அவர் துவக்கை ஒருநாளும் தொட்டதில்லை, மடாம். நான் சுடமுன்னம் அவரின்ர தோளில தட்டுவன். அவர் ரெண்டு காதையும் பொத்திக்கொள்ளுவார்."

நிரஞ்சனி வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி உறுமினால் எழுந்து உட்காருகிற மனிதர். கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கும் நாட்களில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடுவார். ஊரில் பொம்பர் விமானம் வருகிறதா என்று கேட்டுக் கேட்டே கூராகிப்போன காது அது. அந்தக் காதோடு வாழ்ந்தது அவருக்கு எவ்வளவு வேதனை என்று அவளைவிட யாருக்கும் தெரியாது. வான்கோழி வேட்டை முடிந்து வந்த நாட்களில் மட்டும் அவர் மத்தியானமே கட்டிலில் விழுந்து, வாயைத் திறந்துகொண்டு, வீட்டில் யார் நடந்தாலும் எழும்பாமல் நித்திரை கொள்வார். களைப்பாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"ஆனா உங்கட மனுசன் மோசமான வேட்டைக்காரன்," என்றார் ரேஜான். அவருடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. "எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். அவர் என்ர முழங்காலில கை வைச்சா நான் சுடக்கூடாது. பொறு எண்டு அர்த்தம். சேவல் இன்னும் கிட்ட வரட்டும் எண்டு வைக்கிறார் எண்டுதான் முதல் வருசம் நினைச்சன். பேந்துதான் விளங்கிச்சுது. வடிவான சேவலைக் கண்டா கையை எடுக்கவே மாட்டார். அது வாலை விரிச்சு ஆடி முடிச்சுப் போகுமட்டும் எடுக்கமாட்டார். என்ர வான்கோழியளில முக்காவாசியைத் தப்ப விட்டது அவர்தான்."

நிரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இரண்டையும் அவள் தடுக்கவில்லை.

சனிக்கிழமை நடந்ததை அவர் சொன்னார். விடியற்காலையில் ஓர்ம்ஸ்டவுன் பக்கத்தில், வழமையாகப் போகும் பண்ணையின் காட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். வயலில் பனிப்புகார் கிடந்தது. தேத்தண்ணி குடித்தார்கள். பாணையும் சம்பலையும் பேந்து சாப்பிடுவோம் என்று இரவி வைத்துவிட்டார். நெஞ்சு நோகிறதென்றோ களைக்கிறதென்றோ ஒன்றும் சொல்லவில்லை. சேவல் கூப்பிட்டது. இரவி சட்டைக்கையை இழுத்து, ஓடைப் பக்கம் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அது புகாருக்குள்ளிருந்து நடந்து வந்தது. வெயில் அப்போதுதான் பட்டது. அதன் நெஞ்சு செம்பு மாதிரி மினுங்கிற்று.

"நான் துவக்கை உயர்த்தினன். அவர் முழங்காலில கையை வைச்சார். சரி எண்டு பொறுத்தன். சேவல் வாலை விரிச்சுச் சுத்திச் சுத்தி வந்துது. நிலத்தைக் கொத்திச்சுது. கனநேரம். பேந்து தன்ரபாட்டில போட்டுது. கை எடுபடேல்லை. 'போட்டுது இரவி, இனிக் கையை எடு' எண்டு சொல்லித் திரும்பிப் பாத்தன்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் வெளிறின.

"கண் திறந்துதான் இருந்தது. வயலைத்தான் பாத்துக்கொண்டிருந்தார். நான் கிடத்தி நெஞ்சை அமத்தினன். 911 அடிச்சன். அவை என்ன கேக்கினம் எண்டு எனக்குக் கேக்காது. இடத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினன். போனை நிலத்தில வைச்சிட்டு அமத்தினன். அவை வருமட்டும் விடேல்லை. வந்து என்னை இழுத்துத்தான் எடுத்தவை."

கீழ்வீட்டு ஞானாம்பிகை அக்கா வாசலில் வந்து நின்று வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"மடாம்," என்றார் ரேஜான். "அவர் என்னைக் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காது. அதுதான் என்னைக் கொல்லுது. பக்கத்தில இருந்து கூப்பிட்டிருப்பாரோ? நான் கோழியைப் பாத்துக்கொண்டு இருந்திட்டனோ?"

அந்தக் கேள்வியைத் தனக்குள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் முழுதாகத் திரும்பி, தன் வாய் அவருக்குத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் கேக்காது எண்டு அவருக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அவரின்ர கை உங்கட முழங்காலிலதானே இருந்தது?"

"ஓம்."

"பிடிச்சு இழுத்தவரோ? இறுக்கினவரோ?"

ரேஜான் தன் முழங்காலைப் பார்த்தார். "இல்லை," என்றார். "இல்லை. சும்மா இருந்தது. எப்பவும் போல."

"நொந்திருந்தா இழுத்திருப்பார். அவருக்கு அது பழக்கம்தானே. அவர் கூப்பிடேல்லை, ரேஜான். அவர் சேவலைப் பாத்துக்கொண்டிருந்தவர்."

சொல்லும்போதே அவளுக்கும் அது உறைத்தது. ரேஜான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவள் அவருடைய முதுகில் கையை வைத்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல்முறை.

"மெர்சி," என்றாள். "அவரைக் கூட்டிக்கொண்டு போனதுக்கு. எல்லா வருசமும்." முகம் மூடியிருந்ததால் அவருக்கு அது கேட்டிருக்காதென்று பிறகுதான் நினைத்தாள். அவர் நிமிரும்வரை காத்திருந்து திரும்பச் சொன்னாள். பிறகு, "வாங்கோ, மேல போவம்," என்றாள்.

சிவராசா படியின் உச்சியிலேயே நின்றார். ரேஜானைக் கண்டதும் முகம் இறுகிற்று. "நிரஞ்சனி, நான் என்ன சொன்னனான்? சனம் வாற நேரம்..."

"அத்தான், உள்ள வாங்கோ. உங்களோட கதைக்கவேணும்."

அவள் அவருக்கு எதிராகப் பேசியதே இல்லை. அவர் குழப்பத்தோடு குசினிக்குள் வந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காது, சட்டைக்கை, தப்பிப்போன வான்கோழிகள், முழங்காலில் இருந்த கை. சிவராசா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

"கடைசியா ஒண்டு, அத்தான். உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில பிறந்த அண்ணை சண்டைக்காலத்தில எங்க செத்தவர், ஆர் பக்கத்தில இருந்தது எண்டு உங்களுக்கு இண்டைக்கும் தெரியாது. வன்னியில இருந்து வந்த ஒவ்வொருத்தரிட்டயும் கேட்டனீங்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. இவர் ஆரின்ர பக்கத்தில போனவர் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஆளை வாசலில நிக்க வைச்சு நான் இவரை அனுப்பமாட்டன்."

கூடத்தில் யாரோ கதிரையை இழுத்தார்கள். சிவராசா குழாயைத் திறந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்து, குடிக்காமல் மேசையில் வைத்தார். அவருடைய தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓம், சிவராசாதான்... ஹார்ட் அட்டாக்." மேசையிலிருந்த குவளையை ஒருமுறை திருப்பி வைத்தார். "இல்லை, வீட்டில இல்லை. சிநேகிதனோட வேட்டைக்குப் போன இடத்தில. ஓம், வேட்டைக்கு. பக்கத்தில சிநேகிதன் இருந்தவர்."

பெட்டி வைத்திருந்த மலர்ச்சாலையில் சனம் நிறைந்திருந்தது. ஐயர் கிரியையைத் தொடங்கினார். சுண்ணம் இடித்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்த மந்திரங்களைத் தனோஜன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். வேட்டிக்கு மேலால் யாரோ பெல்ட் கட்டிவிட்டிருந்தார்கள். இரவிச்சந்திரன் பட்டு வேட்டியும் சால்வையுமாக, திருநீற்றோடு கிடந்தார். நிரஞ்சனி வாய்க்கரிசி போடக் குனிந்தபோது அவருடைய காதோரத்து நரைமயிர் கலைந்திருப்பதைக் கண்டாள். விரலால் அதை ஒதுக்கிவிட்டாள். அழுகை வந்தது. ஆனால் அவள் பயந்திருந்த மாதிரியான அழுகை அல்ல.

ரேஜான் கடைசி வரிசையில் சுவரோடு நின்றார். சனம் திரும்பிப் பார்த்துக் குசுகுசுத்தது. பெட்டியை மூடித் தூக்கும் நேரம் வந்தது. மருமக்கள், பெறாமக்கள் முறையானவர்கள் எல்லோரும் இரு பக்கமும் வந்து நின்றார்கள். சிவராசா ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இடம் மாற்றி நிறுத்தினார். பிறகு தலையை உயர்த்தி, சனத்துக்கு மேலால் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"தனோஜன், அந்த மனுசனை வரச் சொல்லு."

ரேஜானுக்கு விளங்கவில்லை. தனோஜன் போய் அவருக்கு முன்னால் நின்று சொன்னபிறகுதான் வந்தார். பின்பக்கத்துக் கைபிடியைப் பிடிக்கக் குனிந்தார்.

"அதில இல்லை," என்றார் சிவராசா. "உயரமான ஆள். முன்னுக்கு நிக்கட்டும்." தானே அவருடைய முழங்கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் தலைமாட்டில் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தில் தான் நின்றுகொண்டார்.

தகனம் முடிந்து வீட்டுக்கு வந்து எல்லோரும் குளித்தபோது பின்னேரமாகிவிட்டது. மழை தூறத் தொடங்கியிருந்தது. ஞானாம்பிகை அக்கா கீழ்வீட்டில் சமைத்துச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் மேலே அனுப்பியிருந்தாள். ரேஜானைக் கூடத்தில் சிவராசாவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. சிவராசா கறியைக் காட்டினார், ரேஜான் தலையாட்டினார், சிவராசா இன்னும் ஒரு அகப்பை ஊற்றினார். உறைப்பில் ரேஜானின் மூக்குச் சிவந்தது. தனோஜன் அப்பாவைப்பற்றி ஏதோ பிரெஞ்சில் கேட்க, அவர் கையை வாலைப்போல விரித்துக் காட்டிப் பதில் சொன்னார். அறைக்குள் இருந்த நிரஞ்சனிக்கு அவர்களுடைய சிரிப்புக் கேட்டது. செத்தவீட்டில் சிரிக்கிறார்களே என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அந்தச் சத்தம் நிரஞ்சனிக்கு வேண்டியிருந்தது.

ரேஜான் விடைபெற்றபோது அவள் வெளிப் படியின் தலைப்பு வரை வந்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினார். தலையை அசைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

தெருவில் இரண்டு பக்கமும் சொந்தக்காரரின் கார்கள் நெருக்கியடித்து நின்றன. ரேஜானின் வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரு சாண் இடந்தான் இருந்தது. அவர் வண்டியை உயிர்ப்பித்துக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். தெருவில் வேலை விட்டு வரும் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

அப்போது சிவராசா படியில் இறங்கிப் போவதை நிரஞ்சனி கண்டாள். குடை எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஈரத் தெருவின் நடுவில் போய் நின்றார். வந்த பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கையை உயர்த்தினார். பஸ் நின்றது. பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அவர் அசையவில்லை. உயர்த்திய கையை இறக்காமல், மற்றக் கையால் சாம்பல்நிற வண்டியைப் பார்த்து, வா, வா, இன்னும் வா என்று காட்டிக்கொண்டு மழையில் நின்றார்.